கலம்

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில்
நின்றபடியே கணக்கெழுதுகிறவள் நான்.
"இரேன் பிள்ளை" என்பார் சம்மாட்டி சூசைமுத்து.
இருப்பதுதான் வருத்தம் என்று
அவருக்கு எப்படிச் சொல்ல?

குரோன் நோய்.
குடல் புண்ணாகி
தசைக்குள் சுரங்கம் தோண்டி
பின்புறம் வாய் திறந்தது.
சீழ் தேங்காதிருக்க ஒரு நீல நூல்,
பதினெட்டு மாதம்.
அந்த முடிச்சோடுதான் குளிப்பு,
கோணேசர் தேர், தங்கையின் கலியாணம்.

தை மாதம் கொழும்பில்
நூலை உருவி, உள்வாயைத் தைத்து
சுற்றிவர ஊசியால் இறக்கினார்கள்
குருத்துக்கலங்களை.
யாரோ வேண்டாமென்று உறிஞ்சிக் களைந்த
வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்ததாம்.
"பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம்"
என்றார் டொக்டர் நிலூஃபா,
கையுறையைக் கழற்றிக்கொண்டே.

இரவு ரயிலில் குப்புறச் சாய்ந்து வந்தேன்.
கந்தளாயில் மழை.
கலம் என்றால் எங்களுக்குக் கப்பலும்தான்.
எந்த ஊர்க் கொடியோ,
உள்ளே வந்து நங்கூரம் போட்டிருக்கிறது.
பெயர் கேட்கவும் வழியில்லை.

பதினான்காம் கிழமை.
சில நாள் துணியில் இன்னும் ஈரம்.
இன்று காலை இல்லை.
கவிழ்த்த வள்ளத்தின் முதுகில்
மெல்ல இருந்து பார்த்தேன்.
ஐந்து நிமிடம்.
பிறகு எண்ண மறந்துபோனேன்.

"கெலவல்லா எத்தனை கிலோ?"
சூசைமுத்து கேட்கிறார்,
நான் இருப்பதைக் காணாமலே.