டயரின் ஓரம்

"தெலுக் பஹாங் வளைவெல்லாம் இதில்தான் சாய்ந்தேன்"
என்றான் ஹோக் செங், ஜெலுத்தோங் அடுக்ககத்தின் கீழே.
அறுநூறு சிசி. பதினைந்து வயசு.
பதினெட்டாயிரம் வெள்ளி, பேரம் இல்லை.

குனிந்து பின் டயரைப் பார்த்தேன்.
நடுவில் மட்டும் வழுக்கை.
இரண்டு ஓரத்திலும் ரப்பர் முடி
கடையிலிருந்து வந்தபடியே.
பாவம், நேராகத்தான் போயிருக்கிறது புலி,
வேலைக்கும் வீட்டுக்கும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாயிரம் குறைத்தான், கேட்காமலே.

அப்புறம் முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு,
செயின், பேட்டரி, வால்வு இடைவெளி.
மாசிலாமணி பட்டறையில் ரசீது கிடையாது,
"அடுத்த மாசம் இதையும் பார்த்துடணும்" உண்டு.
முதல் கியரிலேயே நூறைத் தொடும் வண்டி
பாயான் லெப்பாஸ் சிக்னலில்
கப்சாய்களுக்கு நடுவே நின்று
என் தொடையை வேகவைக்கிறது,
இரவு ஷிப்டுக்கு மணியடிக்கும்வரை.

புது டயர் போட்டு எட்டு மாதம்.
ஞாயிற்றுக்கிழமை செயினுக்கு எண்ணெய் விடும்போது
விரல் தானாக ஓரத்துக்குப் போகிறது.

முடி இருக்கிறது.

துணியை இழுத்து மூடுகிறேன்.
தெலுக் பஹாங் பக்கம் இன்றைக்கு
மழை என்கிறார்கள்.