மிச்சச் சூடு

வீடு ஆர்வோவுக்கு.
படகும் நாயும் எனக்கு.
கரண்டிகளைக்கூட எண்ணிப் பிரித்த
வக்கீல் ஹெல்விக்கு
ஏரிக்கரைச் சவுனாவை மட்டும்
எங்கே அறுப்பதென்று தெரியவில்லை.
அடுப்பு ஒன்று, புகைபோக்கி ஒன்று,
பலகை மூன்று, அதுவும் படிபோல ஒன்றன்மேல் ஒன்று.
கடைசியில் நேரத்தை வெட்டினாள்:
சனிக்கிழமை நான்கு முதல் ஆறு வரை நான்.
ஆறுக்கு மேல் அவன்.

இரண்டரைக்கே போய் அடுப்பு மூட்டுகிறேன்.
அந்த ஒன்றரை மணி நேரம் எந்தத் தாளிலும் இல்லை.
விறகு முதலில் அழும்,
பிறகு சிணுங்கும்,
பிறகு பேச்சை நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கும்.
சன்னலில் இருட்டு கட்டிக்கொண்டு வரும்.
பைன் மரங்கள் தோளில் பனியைச் சுமந்து
எதற்கோ வரிசையில் நிற்பதுபோல் நிற்கும்.

கழற்ற வேண்டியவை நிறைய.
கோட்டு, இரண்டு ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை, கண்ணாடி.
முன்பெல்லாம் மோதிரமும்;
இந்தச் சூட்டில் உலோகம் விரலைக் கடிக்கும்.

ஒரு அகப்பைத் தண்ணீர்.
நன்றாகச் சுட்ட கல் சீறாது,
பெருமூச்சு விடும்.
ஆவி கூரைவரை போய், திரும்பி வந்து
பின்கழுத்தில் கைவைக்கும்
யாரென்று சொல்லாமல்.
எங்கள் பாஷையில் இதற்கு லோய்லு என்று பெயர்.
ஒரு காலத்தில் உயிருக்கும் அதுதான் பெயராம்.
ஆவி அடங்கிவிட்டது என்று அப்போது யாராவது சொன்னால்
அடுப்பைப் பார்க்க ஓடுவார்களா
ஆளைப் பார்க்க ஓடுவார்களா?

ஜூனில் ஒடித்து, கட்டி, உறையவைத்த
பிர்ச் இலைக்கொத்தை வெந்நீரில் முக்குகிறேன்.
அறைக்குள் ஒரு கோடை எழுந்து உட்காருகிறது.
தோளில் அடி, முதுகில் அடி,
எட்டாத இடத்தில் மட்டும்
பாதி அடி.

பனியில் குளிக்கும் துளையை
வெள்ளி இரவே அறுத்துவைப்பது ஆர்வோ.
அதுவும் எந்தத் தாளிலும் இல்லை.

இந்தச் சனிக்கிழமை துளை மூடியிருந்தது.
நான்கு விரல் தடிமன்.

அப்புறமென்ன,
மேலே அத்தனை நட்சத்திரம்,
கீழே கம்பளித் தொப்பியும் ரப்பர் செருப்பும் மட்டும் போட்ட
அறுபத்திரண்டு வயதுக்காரி,
உடம்பெல்லாம் ஆவி பறக்க, கையில் கோடரி.
மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் மனிதர் இல்லை.
இருந்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்!
ஏழாவது கொத்தில் ஏரி கண் திறந்தது.

ஏணியில் இறங்கினேன்.
கறுப்புத் தண்ணீர் கணுக்காலைக் கேட்டது,
முட்டியைக் கேட்டது,
பிறகு கேட்பதை விட்டுவிட்டது.
எண்ணுவது பத்துவரை.
ஆறுக்கு மேல் எண்களே ஞாபகமில்லை.

மேலேறி மரத்துறையில் நின்றபோது
குளிர் என்னை அடையாளம் தெரியாமல்
விலகி நடந்தது.
தூரத்தில் எங்கோ பனிப்பாளம் ஒருமுறை முனகிற்று.
எனக்கு யார்மீதும் கோபமில்லை.
ஹெல்விமீது கூட.

ஆறாகியிருக்கும். காலடி ஓசை இல்லை.
போயிருக்கலாம்.
இன்னும் இரண்டு கட்டை செருகிவிட்டு,
கல்மேல் தாளில் சுற்றி வைத்திருந்த சாசேஜைத்
தின்றுகொண்டிருந்தேன்.

சறுக்குவண்டி கிறீச்சிட்டது.
மாவுக்கட்டுக் காலை இருக்கையில் மடக்கிவைத்து
மறுகாலால் உதைத்து உதைத்து வந்திருந்தான்.
“புதன்கிழமை. கூரைப்பனி தள்ளும்போது.”
“கட்டோடு குளிக்கவா வந்தாய்?”
பதில் சொல்லாமல் வண்டியைக் காட்டினான்.
குறுக்கே கட்டியிருந்தது
பனி அறுக்கும் வாள்.

“திறந்தாயிற்று,” என்றேன்.
உறைந்து குச்சிகுச்சியாய் நின்ற என் முடியைப் பார்த்தான்.
“தெரிகிறது.”

கீழ்ப்பலகையில் உட்கார்ந்தான்,
கட்டுப்போட்ட காலை வாசலுக்கு வெளியே நீட்டி.
கதவு பாதி திறந்தே கிடந்தது.
சூடு போகிறது, சாத்து என்று
முப்பது வருடம் சண்டை போட்ட கதவு.
ஒன்றும் சொல்லவில்லை நான்.

மணி எத்தனையோ.
கடிகாரம் அவன் பங்கில், வீட்டுச் சுவரில்.
“அரை அகப்பை,” என்றான்.
அரைதான் ஊற்றினேன்.