தெற்குவாசல் பாலத்தில் மூன்றாவது கியர்

தகர டப்பாவில் புளியங்கொட்டை போட்டுக்
குலுக்குகிற மாதிரி, என்றார் வேதமணி டீச்சர்.
வில்லாபுரத்திலிருந்து வரும்போது
பாலம் ஏறுகையில் மட்டும்.
இறங்கினால் இல்லை.

வீட்டுக்காரருக்குக் கேட்கவில்லையாம்.
கம்பெனி சர்வீஸில் ஒரு சுற்றுப் போய்வந்து
உங்களுக்குத்தான் அப்படித் தோணுது மேடம் என்றார்களாம்.
நான் ஸ்கேனரைச் சொருகினேன்.
கோளாறு இல்லை என்று
அதுவும் அவர்கள் கட்சியில் சேர்ந்துகொண்டது.

கத்திரி வெயிலில், பாரம் இழுக்கையில்
பெட்ரோலுக்குப் பொறுமை கிடையாது.
பிளக் மூட்டிய தீ வந்து சேருமுன்னே
மூலையில் கிடக்கும் மிச்சம்
தானாய் வெடிக்கும். பிஸ்டன் தலையில் அடி.
அதைக் கேட்டுச் சொல்லத்தான் நாக் சென்சார்.
அது சொன்னால் கம்ப்யூட்டர்
அடுத்த பொறியை ஒரு கண்ணிமை பிந்தி விடும்.
அவ்வளவுதான் ஏற்பாடு.

எங்கே இருக்கிறது என்பதுதான் பாடு.
இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில்,
ரெண்டாம் சிலிண்டருக்கும் மூணாவதுக்கும் நடுவே,
பல் டாக்டர் கண்ணாடியை விட்டால்
தூசியும் ஒரு பல்லி முட்டையும் தெரிகிறது.
விரலை விட்டேன். ஹோஸ், பிராக்கெட், ஹோஸ்,
அப்புறம் உருண்டையாய் ஒன்று.
தவசி, டார்ச்சை அங்கிட்டுத் திருப்பாதே, இங்கிட்டு.

சாக்கெட்டைக் கழற்றி
மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து
பக்கத்து இரும்பில் பதினாலு ஸ்பேனரால் தட்டினேன்.
நாலு மில்லிவோல்ட்.
ஓங்கித் தட்டினேன்.
ஐந்து.
தூக்கத்தில் ம் கொட்டுகிறவனைப் போல.

செத்துப்போச்சுண்ணே, புதுசு வாங்கிருவோம்,
டவுன்ஹால் ரோட்டில் மூவாயிரத்துச் சொச்சம்,
தவசி வண்டிச் சாவியை எடுத்துவிட்டான்.
இருடா.

மேனிஃபோல்டை இறக்கப் பதினொன்றரை ஆனது.
நடுவில் ஓட்டையோடு, உளுந்துவடைச் சாயலில்,
கையில் வந்தது அந்தக் காது.
உள்ளங்கையில் வைத்து
ஸ்பேனர் முனையால் ஒரு சுண்டு.
தொண்ணூறு. நூற்றுப் பத்து.
காதில் ஒரு குறையும் இல்லை.

தரையில் ஏதோ உருண்டு போனது.
தவசி பொறுக்கிக் கொடுத்தான்:
பிளந்த வாய் ஸ்பிரிங் வாஷர்.
சென்சாருக்கும் பிளாக்குக்கும் இடையே இருந்தது.
அந்த இடத்தில் வாஷரே வரக் கூடாது.
இரும்போடு இரும்பு ஒட்டி நின்றால்தான்
அதிர்வு ஏறும்.

போல்ட் தலையில் ஊதா நெயில் பாலிஷ்.
நான் முடுக்கின போல்ட்டுக்கெல்லாம்
நான் வைக்கிற பொட்டு.
போன வருஷம், ஸ்டார்ட்டர் மாற்றின அன்று,
கழன்றுவிடக் கூடாதே என்று
ஒரு வாஷர் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.
அக்கறைதான்.
அக்கறையால் செவிடாக்கியிருக்கிறேன்.

தவசி என் முகத்தைப் பார்க்காமல்
டீ சொல்லப் போனான்.

முகப்பைச் சுத்தமாய்த் துடைத்து
டார்க் ரெஞ்சில் இருபது நியூட்டன் மீட்டர்.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
டக் என்றது. நிறுத்திக்கொண்டேன்.
மறுபடி தட்டினேன். அறுபது, எழுபது.
வழித்த பொட்டின் மேலேயே புதுப் பொட்டு.

மூணு மணிக்கு வந்தார்.
சொல்லாமல் விட்டிருக்கலாம். பில் தாளில்
சென்சார் செக்கிங் என்று எழுத இடம் இருந்தது.
டீச்சர், தப்பு என்னோடது, என்றேன்.
வாஷரை நீட்டினேன்.

அவருக்கு என் தப்பு பெரிதாய்ப் படவில்லை.
அப்ப எனக்குக் கேட்டது?
சரியாத்தான் கேட்டிருக்கு.
எட்டு மாசமா, என்றார்.
வாஷரை வாங்கிப் பர்ஸில்
சில்லறை இல்லாத அறையில் போட்டு
ஜிப்பை இழுத்தார். யாரிடம் காட்டவோ.

வாங்க, ஓட்டிப் பாப்போம்.
தெற்குவாசல் பாலம், நாலு மணி வெயில்,
ஏசியைக் கூட்டுங்க டீச்சர், சுமை ஏறட்டும்.
மூன்றாவது கியர். மிதிங்க.
கீழே ரயில் ஒன்று
கூடல்நகர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது,
அது முடியட்டும் என்று பைய ஏறினார்.
இருவரும் பேசவில்லை.
வரக் கூடாத ஒன்றுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு
உச்சிக்கு வந்தபோது
பின்னால் வெங்காய லோடுக்காரன்
ஆரனில் கையை வைத்தான்.

இன்னொரு தடவை, என்றார் டீச்சர்.
கீழே போய்த் திருப்பினோம்.