மேல் அண்டை

டிசம்பர் பதினொன்று, அதிகாலை இரண்டே கால்.
யோரித் வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"மூன்றாம் எடைமேடை ஊமையாகிவிட்டது, ஃப்ரௌக்யே.
வாசலில் நாற்பது லாரி."

பீட் கிழங்கு யாருக்காகவும் காத்திருக்காது.
செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை
சர்க்கரை ஆலைக்கு இரவு என்று ஒன்று இல்லை.
எனக்கும்.
க்ரோனிங்கனிலிருந்து ஐம்பது நிமிடம், மூடுபனி,
டிக்கியில் பதினாறு மெகாபிட் அட்டைகள்.
கழிவு விற்பவனிடம் நான்கு யூரோவுக்கு ஒன்று என
கொத்தாக அள்ளியவை.
பில்லில் நூற்றுப் பத்து.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

டோக்கன் ரிங், தெரியாதவர்களுக்கு:
ஒரு டோக்கன் சுற்றி வரும்.
அது கையில் இருப்பவர் பேசலாம்.
மற்றவர்கள் வந்ததை வந்தபடியே
அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும்.
முண்டியடிப்பது கிடையாது.
ஒழுங்கு அதிகமானதால் தோற்றது என்பார்கள்.
இல்லை, விலை.

எங்காவது அறுந்தால்
அறுந்த இடத்துக்குக் கீழே இருப்பவர் கத்துவார்:
"மேல் அண்டையிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லை."
அண்டையின் பெயர் சொல்லி,
நொடிக்கு ஐம்பது தடவை.
தன் பெயரை எட்டு முறை கேட்டதும் அந்த அண்டை
வளையத்தைவிட்டு விலகித்
தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்.
பழுதில்லையென்றால் திரும்பி வரும்.
பழுதென்றால் வெளியிலேயே நின்றுவிடும்.
மனிதர்களிடம் நான் இதைப் பார்த்ததில்லை.

கிழங்கு கழுவிய சேற்றுநீர்
ஓர் இணைப்பானுக்குள் மாதக்கணக்காகச் சொட்டியிருந்தது.
மாற்றினேன். நான்கே கால்.
பெட்டிக்குள் ரிலே 'டக்' என்றது.
லாரிகள் நகர்ந்தன.
"அடுத்த வருஷம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறோம்,"
காப்பியை நீட்டியபடி யோரித்.
இது பதினோராவது அடுத்த வருஷம்.
தலையாட்டினேன்.
என் வீட்டுக் கடன் அந்த இரண்டு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

எம்ஸ் ஆற்றுக்குக் கிழக்கே டீட்மார் வென்ஸ்கே.
முகம் பார்த்ததில்லை.
எல்லையை நாங்கள் பிரிக்கவில்லை, டீசல் விலை பிரித்தது.
2009இல் அவனுடைய வாடிக்கை ஒன்றை,
லேயரில் ஒரு மாவு ஆலை,
எழுபது யூரோ குறைத்துச் சொல்லி நான் பறித்தேன்.
மறுமாதம் அவனிடமிருந்து ஒரு ஃபர்ம்வேர் கோப்பு,
வேறெங்கும் கிடைக்காதது.
கூடவே ஒரு வரி:
"அந்த ஆலையில் உனக்கு இது தேவைப்படும்."
தேவைப்பட்டது.
நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

இந்த இலையுதிர்காலத்தில் அவனுடைய ஆட்கள்
என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.
முதலில் எம்டனில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை.
அப்புறம் குக்ஸ்ஹாஃபன் மீன் கிடங்கு:
"வென்ஸ்கே போனை எடுப்பதில்லை.
உங்கள் எண் அவர் பழைய பில்லின் பின்புறம் இருந்தது."
நாளுக்கு ஆயிரத்து நானூறு என்றேன்.
சரி என்றார்கள்.
பேரம் பேசாத ஜெர்மானியக் கணக்காளர்.
அந்த இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

அவனுக்கு எழுதினேன்.
முதலில் ஒரு டிரைவர் கோப்பு கேட்கிற சாக்கில்.
பிறகு எம்டனைப் பற்றி, உடம்பைப் பற்றி,
கிறிஸ்துமஸைப் பற்றிக்கூட.
எட்டாவது மடலில் பெயர் மட்டும்:
டீட்மார்.

வியாழக்கிழமை பதில்.
"ப்ரேமனில் பேருந்து ஓட்டுகிறேன், ஆகஸ்டிலிருந்து.
என்னை நானே சோதித்துப் பார்த்துவிட்டேன்.
பழுதில்லை.
திரும்பி வரவில்லை.
பின்குறிப்பு: வட்டத் தடம் அல்ல. கேட்பாய் என்று தெரியும்."

இரண்டு தடவை படித்தேன், சிரித்தேன்,
பிறகு கோபம் வந்தது.
வளையத்தில் ஒரே ஒரு நிலையம் மிஞ்சினால்
அதன் மேல் அண்டை அதுவேதான்.
தன் டோக்கனைத் தனக்கே அனுப்பித்
தானே வாங்கிக்கொள்ளும்.
கையேட்டில் இது பிழையாகக் குறிக்கப்படவில்லை.

குக்ஸ்ஹாஃபனுக்கு வெள்ளி வருகிறேன் என்றிருக்கிறேன்.
ப்ரேமன் நகருக்குள் நுழைந்து போனால்
அரை மணி கூடுதல்.
அதைப் பில்லில் போடுவதா வேண்டாமா
என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.