நாற்பத்து நாலரை

படிவத்தின் ஆறாவது கட்டம்: வாகனத்தின் வயது.
அறுபத்தேழு.
ஏழாவது: சாரதியின் வயது.
இருபத்திரண்டு.

ஹட்டன் காரியாலயத்தில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார்,
பொருத்தம் பார்க்கும் ஐயரைப் போல.

"வண்டிக்கு வயசு கூட, தங்கச்சி.
உங்களுக்கு வயசு காணாது."

ரெண்டையும் கூட்டி ரெண்டால பிரிச்சா
நாற்பத்து நாலரை, சேர்.
நல்ல வயசுதானே?

வரிசையில் எனக்குப் பின்னால் ஒருவர் சிரித்தார்.
இவர் முத்திரையை ஊதிக்கொண்டிருந்தார்.

பழைய காருக்கு ஒரு சலுகை இருக்கிறதாம்.
ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கலாம்.
கலியாணத்துக்குப் பூக்கட்டி அனுப்பலாம்.
ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோய்
வரிசையில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்கலாம்.
மற்ற நாளெல்லாம் அது போர்வைக்குள் கிடக்க வேண்டும்.

எனக்கோ விடிய நாலரைக்கு வேண்டும்.
அக்கரப்பத்தனையின் முதல் பஸ்
கண்விழிக்கும் முன்னே
சோக்கை இழுத்து, மூச்சைப் பிடித்து,
மூன்றாம் தடவை திருப்பினால் கிளம்புகிற மொரிஸ் மைனரில்
நாலு பால் சேகரிப்பு நிலையங்களுக்குப் போய்
கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று
அளந்து எழுத வேண்டும்.

"ஏன் இந்த வண்டி?"

புதுசு வாங்கும் காசுக்கு ஒரு மலையையே வாங்கலாம் சேர்.
பழைய ஓட்டோவுக்கே ரெண்டு சீட்டு எடுக்கணும்.
இது ஒரே சீட்டில் வந்தது,
பின்சீட்டில் கோழி அடைகிடந்த அடையாளத்தோடு.

தினசரிப் பாவனை என்று எழுதினேன்.
பேனையை வாங்கி
அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

பார்த்துப்போக வந்தவர் பெயர் ஹில்மி.
வியாழக்கிழமை. சாய்ந்தடிக்கும் மழை.
குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு
நாலு பக்கமும் படமெடுத்தார்.
செசி இலக்கத்தைத் தேடி முழங்காலில் இருந்தார்.
தகட்டின் நடுவிலிருந்த ஸ்ரீயை
விரலால் துடைத்துப் பார்த்தார்.
எயார்பேக் இருக்கா?
ஒரு தலகாணி இருக்கு சேர்,
இல்லாட்டி எனக்கு பெடல் எட்டாது.

அதற்குள் கடைசி பஸ் போய்விட்டது.

தலவாக்கலை ஸ்டேசன்வரை ஏறுங்க என்றேன்.
கதவை ரெண்டு தரம் அடிக்கணும்,
முதல் தரம் அதுக்குக் கேட்காது.

லிந்துலைக்கு முன்னால்
மேகம் இறங்கி வீதியில் படுத்திருந்தது.
வைப்பர் ஒன்றுதான் வேலை செய்யும், என் பக்கத்தது.
தன் பக்கம் ஒன்றும் தெரியாததால்
என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்,
வளைவு வருகிறதா என்று.

கொழுந்து லொறி ஒன்று நடுவீதியில் வந்தது.
ஹோர்ன் அடித்தேன்,
அது ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியது.
இரண்டாம் கியருக்கு இறக்கி
கானோரம் ஒதுங்கி
நின்றேன்.
டயருக்கும் பள்ளத்துக்கும் நடுவே
ஒரு தேயிலைச் செடி.
லொறிக்காரன் கையசைத்துவிட்டுப் போனான்.

ஸ்டேசன் வரும்வரை ஹில்மி வாய் திறக்கவில்லை.
இறங்கி, கதவை
இரண்டு தரம் அடித்தார்.

பத்தாம் நாள் தபால்.
முழுக் காப்புறுதி இல்லை. மூன்றாம் தரப்பு மட்டும்.
படிவத்தின் நகலில், ஓரமாக, பேனையால்:
சாரதி கவனமானவர்.
அந்த வரிக்கு ஒரு சதமும் கழிவு இல்லை.

இனி நான் இடித்தால்
லொறிக்குக் கிடைக்கும், மதிலுக்குக் கிடைக்கும்,
சங்கிலியறுத்து ஓடிவரும் மாட்டுக்கும் கிடைக்கும்.
மண் சரிந்து எங்கள்மேல் விழுந்தால்
நாங்கள் எங்கள் பொறுப்பு.

கண்ணாடியின் மூலையில் ஒட்டினேன்.
பால் காத்திருக்காது, புளிக்கும்.
அடுத்த வருசம் எங்களுக்கு
நாற்பத்தைந்தரை.

சோக்கை இழுக்கிறேன்.
ஒன்று.
இரண்டு.