ஓர் உளுந்து அகலம்

பொட்டத்தவுங் கிட்டங்கியிலிருந்து
பயின்னவுங் சந்தைக்கு
நாளும் நான் கொண்டுபோவது
கால் கிலோ உளுந்து, கால் கிலோ துவரை,
பொட்டலத்தின் மேல் லாட் எண்.
விலையை நான் சொல்வதில்லை.
மென்று பார்த்துத் தரகர் சொல்வார்.

போன மாதம்வரை பஸ்.
பெட்ரோல் வரிசை ஸ்ட்ராண்ட் ரோடுவரை நீண்டு
பஸ்கள் பாதியாகிப் போன வாரம்
ஒன்பது மணிச் சாம்பிள்
பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தது.
அதற்குள் வேறு யார் உளுந்தோ
விலைபோயிருந்தது.
மோட்டார் சைக்கிளுக்குத் தடையுள்ள ஊர் ரங்கூன்.
மிச்சம் இருந்தது மிதிப்பது.

கணக்கர் தைரியநாதன் வண்டியில்
இருபத்தொரு கியர்.
ஏழு வருடமாக அவர் ஓட்டுவது
நடுவிலுள்ள ஒன்றில்.
மற்ற இருபதும் துருப்பிடித்து
அவரோடு வேலைக்கு வந்துபோகின்றன.
எனக்கு ஒன்று போதும்
என்று அப்போதே தீர்மானித்தேன்.

பசுண்டவுங் கால்வாய்ப் பக்கம்
கோ சிட் லின்னின் தகரக் கொட்டகை.
ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த ஃபிரேம்கள்
கூரையில் தொங்கின,
சக்கரமில்லை, கைப்பிடியில்லை,
எலும்பு மட்டும்.

பருப்பில் ஆணி பொறுக்கும் காந்தத்தைப்
பையிலிருந்து எடுத்தேன்.
அலுமினியத்தில் வழுக்கி விழுந்தது.
எஃகில் டக்கென்று உட்கார்ந்தது.
எஃகுதான் வேண்டும் எனக்கு.
தெருவுக்கொரு வெல்டிங்காரன் இருக்கிறான்,
உடைந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு போகலாம்.

நீலம் ஒன்று.
மெல்லிய குழாய்கள்,
மூட்டுக்கு மூட்டு இலை வடிவில் அராவிய கவசம்,
ரசமட்டம் வைத்தாற்போல் நேரான மேல்குழாய்.
சுண்டினால் வெண்கலக் கிண்ணம்போல்
நின்று அடங்கியது.
தூக்கினேன். இரண்டு கிலோ.
பருப்பு நிறுத்த கை தப்பாது.

பச்சை இன்னொன்று.
மேல்குழாய் தாழச் சரிந்தது.
அதில் ஏதோ பள்ளிக்கூடத்து ஸ்டிக்கர்,
எனக்கு வாசிக்கத் தெரியாத மூன்று எழுத்து.
சுண்டினால் டொக். அவ்வளவுதான்.
மூன்று கிலோவும் கொசுறும்.

"நீலம் உனக்கென்றே செய்தது மாதிரி"
என்றார் கோ சிட் லின்.
விற்பவர் வாய்.
ஆனாலும் பொய்யாகப் படவில்லை.

மூட்டை தைக்கும் நூலை எடுத்தேன்.
கழுத்துக் குழாயில் சுற்றி
பின்னச்சு முனைகளுக்கு
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று
விறைக்க இழுத்துக் கட்டி,
நூலுக்கும் நடுக்குழாய்க்கும் இடையே
சாம்பிளை அடுக்கிப் பார்த்தேன்.
பச்சையில் இருபுறமும் எட்டு உளுந்து.
நீலத்தில் இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் ஏழு.
யாரோ, எங்கேயோ, எதன்மீதோ
மோதியிருக்கிறார்கள்.

"எஃகுதானே, வளைந்தது நிமிரும்" என்று
அவர் மரக்கட்டை தேடப் போனார்.
அந்த இடைவெளியில்
லுஞ்சியைத் தூக்கிச் செருகி
நீலத்தின்மேல் கால் போட்டுப் பார்த்தேன்.
ஒருமுறைக்குச் சரி.
தரகர் கடை ஒவ்வொன்றின் முன்னும்
ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை
ஏறி இறங்குகிறவள் நான்.
கேரியர் திருகத் துளை இல்லை.
டயர் நிற்கும் இடத்தில்
அதற்குமேல் ஒரு விரல் நுழையாது.
வாசோ மழைக்கு மட்கார்டு எங்கே போகும்?

கட்டையோடு அவர் வந்தபோது
பச்சையின் கீழே நின்றிருந்தேன்.
கட்டையைக் கீழே போடாமலே
விலை சொன்னார்.

முன்னால் நாற்பத்து நான்கு பல்,
பின்னால் பதினெட்டு.
பாதிப் பணம் அன்று, மீதி சம்பளத்தில்.
மணி அந்தக் கணக்கில் சேராதாம்.

இப்போது ஒன்பது மணிச் சாம்பிள்
பத்துக்குள் தரகர் வாயில்.
திரும்பும்போது அரிசி, கடலையெண்ணெய்,
ஒருநாள் பழுதுபார்த்த மேசை விசிறி,
அது பின்னாலிருந்து
காற்றில் தானாகச் சுற்றிக்கொண்டு வந்தது.
"மேம்பாலத்தில் என்ன செய்வாய்?"
என்று தைரியநாதன் கேட்டார்.
"இறங்கித் தள்ளுவேன்."

கால்வாய்ப் பக்கம் வேலை விழுகிற நாளில்
வேகத்தைக் குறைக்காமல் கடக்கப் பார்க்கிறேன்.
கூரையில் நீலம் இன்னும் தொங்குகிறது.
நிமிர்த்திவிட்டாரா, தெரியவில்லை.
நூல் பையில்தான் இருக்கிறது.