துளை ஏழு

மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது,
கச்சேரியடியில் ஒரு மேல்மாடி அறையில்.
மூவாயிரம் இருக்கை,
அறுநூறு வாகனத்துக்குத் தரிப்பிடம்,
தீப்பெட்டியளவு லிப்ற், பச்சைப் பஞ்சில் மரங்கள்.
வாசலில் ஒரு பொம்மைப் பெண்
கைப்பையோடு நிற்கிறாள்,
ஐந்து மாதமாக உள்ளே போகாமல்.

அந்தப் பெட்டிக்கு அடியில் என்ன இருக்கிறதென்று
பார்ப்பது என் வேலை.
மண் பரிசோதனை.
சம்பளச் சீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

அரியாலையில், வீதியிலிருந்து உள்ளே இறங்கும் வெளி.
பதினான்கு துளை.
தொடங்கும் முன் ஒரு கடிதம் தந்தார்கள்:
இங்கே வெடிபொருள் இல்லை,
பதினைந்து சென்றிமீற்றர் ஆழம் வரை.
அதற்குக் கீழே உறுதி தர
யாரிடமும் கையெழுத்து இல்லை.
இயந்திரம் இருபத்தைந்து மீற்றர் போகுமே என்றேன்.
"போகும்தானே பிள்ளை" என்றார்
பொறியியலாளர் அமிர்தகுலசிங்கம்,
குடையை மற்றத் தோளுக்கு மாற்றியபடி.

துளைப்பவன் சுனிமல், குருநாகல்.
அவனுக்குத் தமிழில் எண்கள் தெரியும்,
கல், தண்ணி, சரி தெரியும்.
எங்களுக்கு அது போதுமாயிருந்தது.
நிலமும் அதற்கு மேல் பேசுவதில்லை.

ஒன்று முதல் ஆறு வரை சுண்ணாம்புக்கல்
கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொன்னது.
செங்குழம்பு, பிறகு வெள்ளைக் குழம்பு.
ஏழாவது, மேடைக்கு நேர் நடுவே.
ஆறு மீற்றர் நாற்பதில்
தண்டு தன்பாட்டில் இறங்கியது.
யாரும் தள்ளவில்லை.
படி முடிந்தது தெரியாமல்
இருட்டில் கால் வைத்தவனைப்போல,
இரண்டு மீற்றருக்கும் மேல்.

சுனிமல் இயந்திரத்தை நிறுத்தித் தண்டை எடுத்தான்.
நான் ஒரு கல்லைப் போட்டேன்.
ஒன்றுமில்லை.
பிறகு ஒரு களுக்.
பிறகு அதே களுக், சற்றுத் தள்ளி,
வேறு யாரோ திருப்பிச் சொன்ன மாதிரி.

மூவாயிரம் பேருக்கான அரங்கின்
முதல் ஒலிச்சோதனை அது.
கேட்டவர் இருவர்.

அறிக்கையில் குழி என்று எழுதினேன்.
குழி வேண்டாம், கனடாவில் இருக்கிற முதலீட்டாளர்
வாசிப்பினம் என்றார்கள்.
வெறுமை என்று மாற்றினேன். அதற்கு இன்னும் பயந்தார்கள்.
தளர்வான பகுதி என்று ஒப்பமாயிற்று.

தளர்வான பகுதியை அடைக்க
சீமெந்துப் பால் லொறி லொறியாக வந்தது.
துளை குடித்தது.
இருபத்திரண்டாவது லொறிக்காரன் இறங்கி
எட்டிப் பார்த்தான்,
கடன் கொடுத்தவன் பூட்டிய கதவைப் பார்க்கிற மாதிரி.

வியாழன் காலை கேற்றடியில் ஒரு பெண்.
ஜெரோமினா, இரண்டு ஒழுங்கை தள்ளி சலூன்.
கையில் சோடாப் போத்தல்,
உள்ளே சாம்பல் நிறத் தண்ணீர்.
"நேற்று ஒரு கலியாணப் பொம்பிளைக்குத் தலை கழுவினனான்.
காய்ஞ்ச பிறகு மயிர் மதில் மாதிரி நிக்குது.
உங்கட மண்டபம் என்ர கிணத்துக்குள்ள வந்திட்டுது.
வாடகை ஆர் தாறது?"

சிரித்தவர்கள் போத்தலை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள்.
நான் அளந்தேன், முந்நூற்றுப் பத்து மீற்றர்.
வரைபடத்தில் பென்சிலால் இழுத்த கோடு
நேராக இருந்தது.
தண்ணீர் நேராகப் போயிராது.
வழியில் எத்தனை கிணற்றடியில்
நின்று போனதோ, எனக்குத் தெரியாது.
அதற்கு நிரல் இல்லை படிவத்தில்.

மேடையைப் பதினொரு மீற்றர் கிழக்கே தள்ளினார்கள்.
ஜெரோமினாவுக்கு ஆயிரம் லீற்றர் நீலத் தாங்கி ஒன்று.
சுனிமல் அம்பாந்தோட்டைக்குப் போய்விட்டான்.
மாதிரியில் மட்டும் மேடை பழைய இடத்தில்.
கண்ணாடிப் பெட்டியின் திறப்பு கொழும்பில்.

ஏழின் வாய்க்கு இரும்பு மூடி.
புதிய வரைபடப்படி அதற்கு மேலே
சோளப்பொரிக் கடையும்
பெண்கள் கழிப்பறைக்கு நிற்கும் வரிசையும்.

கட்டட்டும். விளக்கெல்லாம் எரியட்டும்.
நான் எதிரியில்லை.
சீட்டு வாங்கி, நல்ல சேலை கட்டி,
நானும் ஒரு நாள் போய் இருப்பேன்.
யாரோ ஒரு பெடியன் மைக்கைத் தட்டி
செக் என்பான்.
எல்லோரும் கதைத்துக்கொண்டிருக்க
நான் கீழே,
அந்த இரண்டாவது செக்குக்கு
கொஞ்ச நேரம் கூடுதலாகக் காத்திருப்பேன்.